ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தீவு

*பாளை வீடு – குடும்பக் குழு*

ஜெனி: [படம்] லிண்டிஸ்பார்ன் தீவுக்கு வந்திருக்கேன். இங்கிலாந்துல, நியூகாசிலுக்கு வடக்க.

சித்தி: ஏட்டி, ரோடு எங்க? வெறும் தண்ணியா கெடக்கு

ஜெனி: ரோடு அதுக்கு அடியிலதான் சித்தி 😀 கடல் ஏறிட்டா அஞ்சு மணி நேரம் போல போக முடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நேரம் எழுதிப் போட்டிருக்காங்க, நான்தான் சரியா பாக்கல. இனி ஆறரைக்குத்தான்.

அம்மா: சாப்டியா

ஜெனி: நண்டு சாண்ட்விச் மா

பெரியப்பா: பின்னால தெரியுற இடிஞ்ச வளைவு, வைக்கிங் கொள்ளைக்காரங்க உடைச்சதா? 793ன்னு ஞாபகம்.

ஜெனி: நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்ல பெரியப்பா. அது 12ஆம் நூற்றாண்டுல டர்ஹம் துறவிகள் கட்டினது. எட்டாம் ஹென்றி மடங்களை மூடினப்போ இதுவும் போச்சு. முதல் மடம் 635ல எய்டன் ஆரம்பிச்சது. அவருக்கு அடுத்த பிஷப் பினான் கட்டின கோயில் ஓக் மரம், நாணல் கூரை. அதுல ஒரு குச்சி கூட மிச்சமில்ல.

ஜெனி: 793ல துறவிகளைக் கொன்னாங்க, கொள்ளையடிச்சாங்க, ஆனா மடம் அதோட முடியல. 875லதான் எல்லாரும் கிளம்பினாங்க.

பெரியப்பா: எய்டன் அயர்லாந்துக்காரர்லா? இங்கிலீஷ் தெரியுமா?

ஜெனி: வராதாம். ஆஸ்வால்ட் ராஜாவே பக்கத்துல நின்னு பிரசங்கத்தை மொழிபெயர்ப்பாராம். அந்தக் காலத்துல சரித்திரம் எழுதின பீட்ங்கிற துறவி எழுதியிருக்கார்.

டேனி: நம்ம கன்வென்ஷன்ல பெரியப்பா நிப்பாங்களே அது மாதிரி 🤣

பெரியப்பா: எனக்கு கிரீடம் இல்லடே. லிண்டிஸ்பார்ன் சுவிசேஷம்னு பழைய கையெழுத்துப் புத்தகம் உண்டுல்லா, அது அங்கயா இருக்கு?

ஜெனி: இங்க நகல்தான். அசல் லண்டன்ல, பிரிட்டிஷ் லைப்ரரியில. ஈட்ப்ரித் பிஷப் கன்னுக்குட்டித் தோல்ல எழுதினது, 8ஆம் நூற்றாண்டு தொடக்கம். ஒவ்வொரு சுவிசேஷத்துக்கும் முன்ன ஒரு பக்கம் முழுக்க வெறும் பின்னல்தான், கோலம் மாதிரி. 10ஆம் நூற்றாண்டுல ஆல்ட்ரெட்னு ஒரு பாதிரியார் லத்தீன் வரிக்கு மேல பொடி எழுத்துல பழைய இங்கிலீஷ் எழுதி வச்சிருக்கார்.

பெரியப்பா: பதவுரை!

ஜெனி: அதேதான். வார்த்தைக்கு வார்த்தை. இங்கிலீஷ்ல நமக்குக் கிடைச்ச சுவிசேஷ மொழிபெயர்ப்புல ரொம்பப் பழசு அது.

சித்தி: ஓடிப்போனப்ப அந்தப் புத்தகத்தை எப்படிக் காப்பாத்தினாங்க?

ஜெனி: இங்க முன்ன பிஷப்பா இருந்த கத்பர்ட் ஐயா உடம்பு இருந்த பெட்டியோட தூக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லுதாங்க. அயர்லாந்துக்குக் கப்பல் ஏறினப்போ புயல்ல புத்தகம் கடல்ல விழுந்து, கடல் உள்வாங்கினதும் நனையாம கரையில கிடந்துச்சாம். இது கதைதான். பெட்டி ஊர் ஊரா அலைஞ்சு 995ல டர்ஹம் போய்ச் சேந்தது, அது நிஜம்.

அம்மா: அங்க சத்தம் என்னது அது, வாய்ஸ் நோட்ல அழுத மாதிரி

ஜெனி: சீல் மா. மணல் திட்டுல கூட்டமா படுத்துக்கிட்டு ஊளையிடுது. பழைய துறவிகளும் இதைக் கேட்டுட்டேதான் ஜெபம் பண்ணியிருப்பாங்க போல.

ஜெனி: [படம்] ரோடு தெரிய ஆரம்பிச்சிருச்சு. மேல பூரா பாசி. ஓரத்துல கம்பு மேல கூண்டு மாதிரி நிக்குல்லா, தண்ணில மாட்டினவங்க ஏறி உக்காரதுக்கு.

அம்மா: முதல் காரா போகாத

சித்தி: ரெண்டாவதாவும் போகாத