மழைக் கணக்கை வரைபடமாக்க உதவி வேண்டும்

குழுவில் உள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜூன் தொடக்கத்திலிருந்து பிள்ளைகள் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டரில் குறித்து வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இருக்கும் ஒரு மாணவியின் மாமாவும் அதே நேரத்தில் அளந்து அனுப்புகிறார். இதைக் கண்காட்சிக்கு அட்டவணையாகவும் வரைபடமாகவும் வைக்க வேண்டும்.

மழை நாளுக்கு நாள் தனித்தனியாகச் சேரும் அளவு. அதனால் பட்டை வரைபடம்தான் சரி, கோடு போட்டு இணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சிக்கல் வேறு. சனி, ஞாயிறு எங்களுக்குப் பள்ளி இல்லை. திங்கள் காலை அளப்பது மூன்று நாள் மழை. அதை மூன்றால் வகுத்துப் போட மனம் வரவில்லை, அளக்காத எண்ணை எழுதியது போல் ஆகிவிடும். சுழியம் போட்டாலோ மழையே பெய்யவில்லை என்று அர்த்தம். அட்டவணையில் கட்டத்தைக் காலியாக விட்டு அடிக்குறிப்பு எழுதலாம், சரி. வரைபடத்தில் என்ன செய்வது? வார மொத்தமாக மாற்றலாமா? ஆனால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த 'மழை நாள்'களைப் பிள்ளைகள் ஆசையாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அது காணாமல் போய்விடுமே.

அப்புறம், தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் அடித்துப் பெய்யும். ஆரியங்காவுப் பட்டைகள் உயர்ந்து நிற்க, எங்களுடையது புல் மாதிரி தெரிகிறது. ஊருக்கு ஓர் அளவுத்திட்டம் வைத்தால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டு படங்களை மேலும் கீழுமாக வைத்தால் போதுமா? வரைபடத்தாளில் கையால்தான் வரைகிறோம். செய்து பார்த்தவர்கள் உங்கள் படத்தை இங்கே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.