ஹவாய் 7 சென்ட் தபால்தலை, உறையிலிருந்து பிரிக்கலாமா?

பசுமலைப் பேரன்:
தாத்தா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர். அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அமெரிக்கப் பாதிரியார் அவருக்கு ரொம்ப நாள் கடிதம் போட்டிருக்கிறார். போன வாரம் பரணை ஒதுக்கும்போது தகரப் பெட்டியில் அந்த உறைகள் கிடைத்தன. ஒன்றில் சிவப்பாக ஒரு தபால்தலை, தலைக்கவசம் போட்ட வீரன், பின்னால் தீவுகளின் வரைபடம், ஒரு நட்சத்திரம், ஹவாய் மாநிலமானது 1959 என்று ஆங்கிலத்தில். விலை 7 சென்ட். பக்கத்தில் வேறு இரண்டு தலைகளும் ஒட்டியிருக்கின்றன. என்ன விலை போகும்? ஊறவைத்து எடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா? அப்புறம், ஹவாய் தனி நாடு இல்லையா?

வடக்குமாசி வீதி:
தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் தம்பி. தலையை மட்டும் எடுத்தால் டீக்காசுகூடத் தேறாது, 8 கோடிக்கு மேல் அச்சடித்தது அது. 7 சென்ட் என்பது அப்போது அமெரிக்காவுக்குள் போகும் விமானத் தபாலுக்கான கட்டணம், மதுரை வரை பறந்து வர அது போதாது என்பதால்தான் கூட இரண்டு ஒட்டியிருக்கிறார். அந்தக் கணக்கு, முத்திரை, உங்கள் தாத்தா பெயர் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் உறைக்கு மதிப்பு. முத்திரையில் ஹொனலூலு, 1959 ஆகஸ்ட் 21 என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் முதல் நாள் உறை, அதாவது தலை வெளியான அன்றே முத்திரை குத்திய உறை.

திருமங்கலத்தான்:
தனி நாடாகத்தான் இருந்தது. 1893-ல் லிலியுகலானி ராணியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1959 வரை டெரிட்டரி, ஏறக்குறைய நம் யூனியன் பிரதேசம் மாதிரி (கோவாவும் 1987 வரை அப்படித்தானே). அந்த வீரன் நட்சத்திரத்துக்கு மாலை நீட்டுவதுபோல வரைந்திருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ராணியை இறக்கிய கதை தெரிந்தவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். ஹவாய் ராஜ்ஜியமே 1851-ல் தபால்தலை போட்டிருக்கிறது, அதற்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் 'மிஷனரி', ஊருக்குக் கடிதம் போட்ட பாதிரிமார்களின் உறைகளில் கிடைத்ததால். அந்தப் பாதிரிமார்களை அனுப்பிய அதே பாஸ்டன் மிஷன்தான் 1834-ல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. மிஷனரி கிடைத்திருந்தால் நீங்கள் வீடு வாங்கலாம், இது அது இல்லை.

பசுமலைப் பேரன்:
முத்திரை செப்டம்பர் என்று இருக்கிறது அண்ணே, ஊர்ப் பெயர் தேய்ந்துவிட்டது. சரி, இதைத் தொடவில்லை. ஆனால் கருநீலத்தில் ஒன்று, மேலே சப்தரிஷி நட்சத்திரங்கள் போட்டது, அதை நேற்றே கிண்ணத்தில் ஊறப் போட்டுவிட்டேனே!

வடக்குமாசி வீதி:
அது அலாஸ்கா, அதே வருஷம் ஜனவரி 3, 49-வது மாநிலம். போனது போகட்டும், முதலில் கிண்ணத்திலிருந்து எடுங்கள், உறையின் சிவப்பு நீலக் கரை சாயம் விட்டால் தலையும் கெட்டுவிடும். செய்தித்தாளில் வைக்காமல் வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவிட்டு, அப்புறம் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். மிச்ச உறைகளை எடுத்துக்கொண்டு ஸ்காட் ரோடு தலைமைத் தபால் நிலையத்தில் தபால்தலைப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், சேகரிப்பவர்கள் யாராவது அங்கே நிற்பார்கள்.