புதுப்பிப்பு: 'பிலவ்ட்' நாவலை முடித்துவிட்டேன்

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' வெறும் பேய்க்கதை போல இருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கடைசி வரை படியுங்கள் என்று பலர் சொன்னீர்கள். நேற்று இரவு முடித்தேன். நான் சொன்னது தவறு.

கதை நடப்பது அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஓரத்தில், 124ஆம் எண் வீட்டில். 1, 2, 4. நடுவில் 3 இல்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த நாயகி சேத்தாவின் மூன்றாவது பிள்ளைதான் இறந்தது என்பது புரிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடி அடிமையாகக் கொண்டுபோய்விடுவார்களே என்று தாயே கொன்ற குழந்தை அது. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற பெண்ணுக்கு உண்மையில் நடந்ததிலிருந்து பிறந்த கதை.

என்னை மாற்றியது சேத்தாவின் மாமியார் பேபி சக்ஸ் காட்டுவெளியில் பேசும் இடம். உங்கள் கைகளை, கழுத்தை, இதயத்தை நீங்களே நேசியுங்கள், வேறு யாரும் நேசிக்கப் போவதில்லை என்கிறாள். உடம்பே இன்னொருவன் சொத்தாக இருந்தவர்களிடம் சொல்வது இது! அப்புறம்தான் அந்த வீட்டின் பேய், அதாவது இறந்த அந்தக் குழந்தை, எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. சேத்தா தன்னை மன்னிக்காத வரை அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

பெண்கள் கூடிப் பாடிப் பேயை விரட்டும் பகுதி கொஞ்சம் அவசரமாக முடிந்தது போல இருந்தது. ஆனால் கடைசியில், சேத்தாவோடு ஒரே பண்ணையில் அடிமையாக இருந்த பால் டி வந்து, உன்னிடம் உள்ளதில் சிறந்தது நீதான் என்கிறான். பிள்ளைகளைத்தான் அப்படி நினைத்திருந்தவள், நம்ப முடியாமல் கேட்கிறாள்: "நானா?"