மேரா பீக் ஏப்ரல் குழு: இன்னும் இரண்டு பேர் வேண்டும்

பீட்டர்போத்_பையன்:
காட்மாண்டு ஏஜென்சி ஒன்று அடுத்த ஏப்ரலில் நேபாளத்தின் மேரா பீக் சிகரத்துக்கு ஆள் சேர்க்கிறது. உயரம் 6,476 மீட்டர். பெர்மிட், கைடு, போர்ட்டர், சாப்பாடு, நடை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். காட்மாண்டுவில் இறங்கியதிலிருந்து 15 நாள். முன் அனுபவம் வேண்டாம், நன்றாக நடந்தால் போதும் என்கிறார்கள். நம் ஞாயிற்றுக்கிழமை நடைக் கோஷ்டியில் நாலு பேர் தயார். ஆறு பேரானால் தலைக்கு ஆகும் செலவு குறையும். யார் வருகிறீர்கள்?

மோகா_மாஸ்டர்:
தம்பி, மொரிஷியஸில் எவ்வளவு ஏறினாலும் 828 மீட்டரோடு வானம் வந்துவிடும். அனுபவமே வேண்டாம் என்று ஒரு ஏஜென்சி சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வருகிறது. மேராவில் பனியாற்றின் மேல் கயிறு கட்டி நடக்க வேண்டும். காலில் கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்), கையில் ஐஸ் கோடாலி. பனி மூடிய வெடிப்பு எங்கே இருக்கிறது என்று உங்களில் யாருக்குத் தெரியும்?

பீட்டர்போத்_பையன்:
அதற்குத்தானே கைடு, மாஸ்டர்! காரே என்ற இடத்தில் (5,045 மீ.) ஒரு நாள் முழுக்க கிராம்பான், ஜுமார் (கயிற்றைப் பிடித்து ஏறும் கருவி) பயிற்சி உண்டு. மேரா செங்குத்துப் பாறை இல்லை. நேபாள மலையேற்றச் சங்கமே அதை ட்ரெக்கிங் பீக் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. உடம்பைத் தயார் செய்ய மார்ச்சில் பக்கத்துத் தீவு ரீயூனியன் போய் பித்தோன் தெ நேஜ் மலை ஏறப் போகிறோம், அது 3,070 மீட்டர். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவரிடம் யாராவது “எதற்கு இந்த வேதனை?” என்று கேட்கிறோமா?

மோகா_மாஸ்டர்:
காவடி எடுப்பவர் தன் உடம்பைத்தான் வருத்துகிறார். கூட வருகிறவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பதில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிச்சரிவில் செத்த 16 பேரும் நேபாளத் தொழிலாளிகள். கட்டணம் கட்டியவர்களில் ஒருவர்கூட இல்லை. மேராவில் அப்படிப்பட்ட பனியருவி இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் சாமான் யார் முதுகில் போகிறது, அவருக்கு என்ன காப்பீடு என்று நீ ஒரு வரிகூடக் கேட்கவில்லையே.

கடல்காத்து:
ரெண்டு பேரும் சண்டையை முடித்துவிட்டுச் சொல்லுங்கள். நான் பிளிக்கான்பிளாக் கடற்கரையில் இருக்கிறேன். 😄

செவிலி_அக்கா:
ரீயூனியன் விஷயத்தை மட்டும் சரி செய்துவிடுகிறேன். பித்தோன் தெ நேஜ் காலுக்கு நல்ல பயிற்சி. உயரத்துக்கு உடம்பு பழக அது உதவாது. அந்த மலைவழியில் இருக்கும் கவெர்ன் துஃபூர் குடிலில் ஓர் இரவு தூங்கி, திரும்பக் கடல்மட்டத்துக்கு வந்து சில வாரம் இருந்தால் பழகிய கொஞ்சமும் போய்விடும். அப்புறம் இன்னொன்று, நன்றாக ஓடுகிறவருக்கு மலைநோய் வராது என்பது பொய். அவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரம் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். மேராவில் உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான ஹை கேம்ப் 5,780 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் நம் தீவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டயமாக்ஸ் மாத்திரை பழகுவதற்கு உதவும், ஆனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கியூர்பிப்_நடையன்:
நான் மேராவுக்குப் போய் வந்தவன், உச்சி தொடவில்லை. பையன், நீங்கள் போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் 15 நாள் என்றதுமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. லுக்லா 2,860 மீட்டர். அங்கிருந்து நேராக சத்ர்வா லா கணவாயைத் தாண்டினால் விமானம் இறங்கிய இரண்டு மூன்று நாளிலேயே 4,600 மீட்டர் உயரத்துக்கு ஏறியிருப்பீர்கள். பலர் வாந்தியும் தலைவலியுமாகப் படுப்பது அங்கேதான். தெற்கே பாங்கோம் வழியாகச் சுற்றி கோத்தேவுக்குப் போகும் பாதையில் நாள் கூடும், காசும் கூடும், ஆனால் உடம்பு தாங்கும். ஏஜென்சி வழியைச் சொல்லாமல் நாள் கணக்கை மட்டும் சொன்னால் விடாதீர்கள்.

கைடை மாஸ்டர் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குழுவின் சிர்தார் (தலைமைக் கைடு) ஹை கேம்புக்குக் கீழேயே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் சண்டை போட்டார்கள், “இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம்” என்று. அவர் அசையவில்லை. நல்ல கைடுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதைப் புறப்படும் முன்பே குழு எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சி தொட்டால்தான் போனஸ் என்று ஏற்பாடு இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். திரும்பினாலும் அதே தொகை. இல்லையென்றால் அவரும் உங்களோடு சேர்ந்து தப்புக் கணக்குப் போடுவார்.

மோகா_மாஸ்டர்:
எழுதி ஒப்புக்கொண்டவர்கள்தான் மேலே போய்ச் சண்டை போடுகிறவர்களும். 2014 அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா பக்கம் தோரோங் லா கணவாயிலும் சுற்றியிருந்த மலைகளிலும் பனிப்புயலில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் கைடோடு போனவர்களும் உண்டு. வானிலை எச்சரிக்கை பாதைக்கு வந்து சேரவில்லை. காசு கொடுத்தால் பொறுப்பு கை மாறிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

செவிலி_அக்கா:
மாஸ்டர் சொல்வது நியாயம்தான், ஆனாலும் போகவே கூடாது என்று முடிப்பது சரியில்லை. உங்கள் பேச்சைக் கேட்டால் நாமெல்லாம் கோர் தெ கார்த் முருகன் கோவில் படியோடு நிற்க வேண்டியதுதான்.

மோகா_மாஸ்டர்:
நின்றால் என்ன குறை, அம்மா?

பீட்டர்போத்_பையன்:
ஏஜென்சிக்கு எழுதினேன். நடையன் அண்ணா சொன்னபடியே அவர்கள் வழி சத்ர்வா லாதான். பாங்கோம் வழி என்றால் கூடுதலாக நாலு நாள், கட்டணமும் ஏறும். மோசமான வானிலைக்கு இரண்டு நாள் தனியாக வைக்கச் சொன்னேன், சரி என்றார்கள். சீசனில் லுக்லா விமானம் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து இல்லை, கிழக்கே பல மணி நேரச் சாலைப் பயணத்தில் இருக்கும் மந்தலியிலிருந்துதானாம். நடுராத்திரியில் ஜீப்பில் கிளம்ப வேண்டும். போர்ட்டருக்கு 30 கிலோ வரம்பு உண்டா, காப்பீட்டுச் சான்று எங்கே என்ற கேள்விக்கு “எல்லாம் இருக்கும் சார்” என்று ஒரே வரி. காகிதம் வரும் வரை முன்பணம் கட்டப் போவதில்லை. இதைக் கேட்டதும் எங்கள் நாலு பேரில் ஒருவர் கழன்றுவிட்டார்.

மோகா_மாஸ்டர்:
காகிதம் வந்தால் இங்கே சொல். நான் வர மாட்டேன், ஆனால் படித்துப் பார்க்கிறேன்.

கியூர்பிப்_நடையன்:
ஹெலிகாப்டர் மீட்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேசான தலைவலிக்கே ஆளை ஏற்றி அனுப்பி, காப்பீட்டு நிறுவனத்திடம் பில் போட்ட மோசடி பெரிதாகி 2018-இல் நேபாள அரசு விசாரித்தது. எந்த நிலையில் ஹெலிகாப்டர், யார் கூப்பிடலாம் என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

பீட்டர்போத்_பையன்:
இங்கே நான் விசாரித்த காப்பீடு 6,000 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஹை கேம்ப் வரை சரி, உச்சிக்குப் போகும் கடைசி 476 மீட்டருக்கு யாரும் பொறுப்பில்லை. 6,500 வரை தரும் நிறுவனம் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள். இடம் இப்போது மூன்று காலி.