ஜகார்த்தாவும் ஆயிரம் தீவுகளும்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஜனவரிக் கடைசியில் நானும் அம்மாவும் ஆறு நாள் ஜகார்த்தா போகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மீதியைச் சிக்கனமாக முடிக்க வேண்டும்.

ஊருக்குள் சுற்றுவது கவலையில்லை. டிரான்ஸ்ஜகார்த்தா பேருந்தில் 3,500 ரூபியாவுக்கு கோத்தா துவா என்ற பழைய நகரப் பகுதி வரை போய்விடலாம். குழப்பமெல்லாம் ஜகார்த்தாவுக்கு வடக்கே கடலில் இருக்கும் ஆயிரம் தீவுகளுக்குப் போவதில்தான். முவாரா ஆங்கே துறைமுகத்திலிருந்து மரப்படகில் போனால் செலவு குறைவு. ஆஞ்சோல் படகுத்துறையிலிருந்து கிளம்பும் விரைவுப் படகுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் ஜனவரி அங்கே மழைக்காலம், மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். அம்மாவுக்கு 63 வயது, பஸ்ஸிலேயே தலை சுற்றும். அந்த மாதத்தில் மரப்படகில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படகு ரத்தானால் என்ன செய்தீர்கள்? திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் கூடுதலாக விட்டுவைக்கலாமா?

அந்தத் தீவுகளில் பிரமுகா தீவுக்குத்தான் போக ஆசை. அங்கே அழுங்காமைக் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகிறார்கள், அம்மாவுக்கு அதைக் காட்டியே ஆகவேண்டும்.

அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம். டெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி), டோஃபு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ப்பார்கள். ‘தன்பா தெராசி’ (இறால் விழுது இல்லாமல்) என்று சொன்னால் தீவு விடுதிகளில் அது இல்லாமல் சமைத்துத் தருவார்களா? இல்லை, இங்கிருந்தே பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லதா?