இறால் குட்டையோரத்து ராத்திரிகள்

பழையகாயல் பண்ணைக்காரர்:

விடியக்காலம்தான் இறாலுக்கு எமன் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி. என் மூன்றாவது கல்ச்சரில்தான், அதாவது மூன்றாவது தடவை குஞ்சு விட்டு வளர்த்தபோதுதான், அது எனக்கு உறைத்தது. ஒரு ஏக்கர் குட்டை, ஒன்றேகால் லட்சம் வன்னாமி என்கிற வெள்ளை இறால் குஞ்சு, விட்டு 62-ம் நாள். அமாவாசை, இறால் சட்டை கழற்றுகிற நேரம். சாயங்காலமே கண்ணாடித்தாள் மாதிரி சட்டைகள் ஓரத்தில் மிதந்தன. வளரவேண்டுமானால் இறால் பழைய ஓட்டைக் கழற்றித்தான் ஆகணும். கழற்றின சில மணி நேரம் உடம்பு ஊறின அவல் மாதிரி இருக்கும். அந்த நேரம் தீனி எடுக்காது, காற்று மட்டும் கூடுதலாகக் கேட்கும். தெரிந்தும் நான் வழக்கமான தீவனத்தைக் குறைக்கவில்லை. தின்றதா என்று பார்க்கத் தீவனம் வைத்து இறக்குகிற செக் ட்ரேயைத் தூக்கினால் போட்டது போட்டபடி கிடந்தது.

ராத்திரி இரண்டரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் டீசல் லைனில் காற்று அடைத்துக்கொண்டது. பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற பாசி, இருட்டினால் தானும் எடுக்க ஆரம்பித்துவிடும்; அடியில் மக்குகிற தீவனமும் தன் பங்குக்கு எடுக்கும். ஆக்சிஜன் மீட்டரை இறக்கினேன், லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். நாலுக்குக் கீழே போனாலே எனக்குத் தூக்கம் போய்விடும். டார்ச் அடித்தால் கரை நெடுக சிவப்புச் சிவப்பாக மின்னுகிறது, அத்தனையும் கண்கள். எல்லாம் மேலே வந்து கரையை ஒட்டி அலைகின்றன. ஓட்டோடு இருந்தது, ஓடு கழற்றினதைக் கடித்துத் தின்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். துள்ளவில்லை, விரலிடுக்கில் வளைந்து கிடந்தது.

இருந்த ஆக்சிஜன் குருணை இரண்டு வாளியையும் வீசினோம். பக்கத்துப் பண்ணைத் தம்பி ஓடிவந்து லைனில் காற்றை எடுத்துவிட, நாலரைக்குத் தண்ணீரில் காற்றுக் கலக்குகிற ஏரேட்டர் சுற்றியது. காலையில் செத்ததை அரித்தபோது மூன்று கூடை. மிச்சத்தை 100-வது நாள் 45 கவுண்ட்டில், அதாவது கிலோவுக்கு 45 இறால் நிற்கிற அளவில், பிடித்தோம். இப்போது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முந்தின நாளே தீவனத்தில் கால் பங்கு குறைத்துவிடுகிறேன், ஜெனரேட்டரையும் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

உவரிக்காரர்:

நான் கடல்காரன், பண்ணை கிடையாது. வன்னாமி பசிபிக்கின் அந்தக் கரையில், மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்கும் உள்ள கடலில் பிறந்தது. 2009-ல்தான் நம் நாட்டுப் பண்ணைகளுக்கு அனுமதியோடு வந்தது. அதற்கு முன்னால் கறுப்புப் புலி இறால்தான். குஞ்சு எடுக்க அதன் தாய் நம் கடலிலிருந்து உயிரோடு வேண்டும். எப்போதாவது வலையில் ஒன்று சிக்கினால் டிரம்மில் போட்டு, குழந்தையைப் போலக் கொண்டுவருவோம். முதுகில் டார்ச் அடித்தால் ஓட்டுக்குள் சினை கரும்பச்சையாகத் தெரியும்.

அப்படி ஒன்றைப் பொரிப்பகத்தில் கொடுக்கப் போனேன். தொட்டியில் நின்ற தாய்களுக்கெல்லாம் ஒரு கண்தான் இருந்தது. சினை பிடிப்பதைத் தடுக்கிற சுரப்பு கண் காம்பில் இருக்கிறதாம். ஒரு காம்பை எடுத்துவிட்டால் சீக்கிரம் சினையாகுமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. காம்பை எடுக்காமலே குஞ்சு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி ஆகணும். நான் கொண்டுபோனது அன்று ராத்திரியே லட்சக்கணக்கில் முட்டை விட்டது. மறுநாள் சாயங்காலம் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு காட்டினார்கள். தூசி துள்ளுவது போல இருந்தது. அதற்கு இன்னும் தீனி வேண்டாமாம், முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்கருவே போதுமாம்.

ஆத்தூர்க்காரர்:

எங்களுக்கு மறக்க முடியாதது 2023 டிசம்பர் 17 ராத்திரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரை தெரியாமல் வந்தது. வன்னாமி உப்புக் குறைந்த தண்ணீருக்கும் பழகும், ஆனால் நாள் கணக்கில் மெதுவாக இறக்கணும். எங்கள் குட்டையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பத்து மணிக்கெல்லாம் கரைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர். வலை கட்டக்கூட முடியவில்லை.

வெள்ளம் வடிந்தபிறகு வாழைத்தோட்டத்து வாய்க்காலில் தேங்கின தண்ணீரில் சிலது உயிரோடு கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி பொறுக்கி, ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்து, "தம்பி, இது உங்க குட்டையில உள்ளதுதானே?" என்று நீட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு முங்கிக் கிடந்தது. "நீங்களே வச்சிக்கிடுங்க ஆச்சி" என்றேன்.