சூடானதும் நின்றுவிடும் 86 புல்லட்: கார்புரேட்டர் மாற்றலாமா?

பெரம்பூர் கிக்கர்:
அப்பா ஓட்டிய 1986 புல்லட் 350. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர், பிளக்குக்குப் பொறி வரவைப்பது பழைய பாயின்ட் செட்தான். மூன்று வருடம் கவர் போட்டு நின்ற வண்டியைப் பொங்கலுக்கு முன்னால் எடுத்து, டேங்குக்குப் பெயின்ட் அடித்து, பூட்டு வைத்த மூடி, பெட்ரோல் டியூப், பேட்டரி எல்லாம் புதிதாகப் போட்டேன். காலையில் சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) போட்டால் இரண்டு உதையில் ஸ்டார்ட். கிண்டிக்கு வேலைக்குப் போக வேண்டும். புரசைவாக்கம், எழும்பூர் வரை ராஜா மாதிரி போகும், ஜெமினி பாலம் நெருங்கும்போது இழுவை குறைந்து முக்க ஆரம்பிக்கும், அப்புறம் சிக்னலில் அணைந்துவிடும். அந்த நேரத்தில் சோக் போட்டால் இன்னும் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவுதான். ஓரம் கட்டி அரை மணி நேரம் வெயிலில் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

மெக்கானிக் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துவிட்டார். பைலட் ஜெட்டை (ஸ்லோவில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) கேபிள் கம்பியால் குத்தினார், பெட்ரோல் கூட வரட்டும் என்று நீடிலை ஏற்றினார், பெரிய மெயின் ஜெட்டும் போட்டார். இப்போது பிளக் கரி, மைலேஜ் 35லிருந்து 24. வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை. போன திங்கள்கிழமை டேங்க் ஃபுல் பண்ணிவிட்டுக் கிளம்பினேன், எழும்பூர் தாண்டுவதற்குள்ளேயே படுத்துவிட்டது. புது கார்புரேட்டரே வாங்கிவிடு என்கிறார். வாங்கலாமா?

நாலு ஸ்ட்ரோக்:
கன்டென்சர் (பாயின்ட்டோடு சேர்ந்து பிளக் பொறிக்கு உதவுவது), கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சூடானால் போகும், ஆறினால் வரும். பாயின்ட் மூடியைக் கழற்றி இருட்டில் ஒருவரை உதைக்கச் சொல்லிப் பாருங்கள், பாயின்ட்டுக்கு நடுவே பெரிதாகப் பொறி பறந்தால் கன்டென்சர் போச்சு. புதுப்பேட்டையில் கிடைக்கும். அப்படியே பாயின்ட் கேப் 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ராயபுரம் ஜாவா:
எல்லாம் எத்தனால் வேலை ப்ரோ. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டியில் தண்ணீர் கீழே தங்கிவிடும், பழைய ரப்பர் எல்லாம் இறுகும் அல்லது ஊதும். என் வண்டியில் கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளையாகப் பொடி. வாரக்கணக்கில் எடுக்க மாட்டேன் என்றால் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துவேன்.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
தம்பி, கார்புரேட்டர் வாங்காதீர்கள். எத்தனால் விஷயம் உண்மைதான், ஆனால் அது திங்கள்கிழமை பார்த்து வேலை செய்யாது.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு விஷயம் ஒன்றோடொன்று முட்டுகிறது. பிளக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். அணையப்போகும் நேரத்தில் சோக் போட்டால் கொஞ்சம் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஒரே வண்டிக்கு இரண்டும் எப்படி? கரி உங்கள் மெக்கானிக் கொண்டுவந்தது, அந்த நீடிலும் பெரிய ஜெட்டும். பட்டினி அதற்கு முன்னாலேயே இருந்தது. கன்டென்சராக இருந்தால் சோக் போட்டு வண்டி பிழைக்காது.

எனக்குப் பொறி தட்டியது டேங்க் ஃபுல் பண்ணிய கதையில்தான். புது மூடி போட்டேன் என்கிறீர்களே, அதில் மூச்சு ஓட்டை இருக்கிறதா? எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டுச் சாய்த்தால் களக் களக் என்று விட்டுவிட்டுத்தான் விழும், எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். டேங்கும் அதேதான். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைய இருந்தால் மேலே காற்றுக்கு இடமே கம்மி, அதனால் இன்னும் சீக்கிரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் எங்காவது சந்து வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி ஆறியதால் சரியாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆறியிருக்கும்போது, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, கார்புரேட்டரில் டியூபை உருவிப் பெட்ரோல் கேனில் விடுங்கள். மூடியைப் பூட்டிவிட்டு டேப்பைத் திறங்கள். ஒழுக்கு மெலிந்துகொண்டே வந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி பிடித்தால் வேறு எதையும் தேட வேண்டாம். திறந்த பிறகும் மெலிசாகவே வந்தால் டேப் ஃபில்டரில் பெயின்ட் செதிலோ துருவோ அடைத்திருக்கும்.

பெரம்பூர் கிக்கர்:
அண்ணே, கை கொடுங்கள்! முதலில் நன்றாகத்தான் கொட்டியது, அரை லிட்டர் வருவதற்குள் நூல் மாதிரி ஆகி அப்புறம் சொட்டு. மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று ஒரு சத்தம், மறுபடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. மூடிக்கு அடியில் வாஷர் என்று வட்டமாக ஒரு ரப்பரை முழுசாக வைத்திருக்கிறார்கள், ஓட்டை இருக்கிற இடத்தையே அது மூடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் பழைய மூடி டூல்ஸ் டப்பாவில் கிடந்தது, அதன் ஓட்டையிலும் துரு. அம்மாவின் தையல் ஊசியால் குத்தி எடுத்து மாட்டினேன். நேற்று கிண்டி போய், அங்கிருந்து தாம்பரம் போய்த் திரும்பினேன், எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் கரிப்புகையும் 24 மைலேஜும் அப்படியே இருக்கிறது.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
இருக்கத்தான் செய்யும், குத்தியதையும் ஏற்றியதையும் யார் இறக்குவது? நீடில் கிளிப்பை நடு வரிக்குக் கொண்டுவாருங்கள். பழைய மெயின் ஜெட்டையே திரும்பப் போடுங்கள். பைலட் ஜெட் பித்தளை, கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அதே நம்பரில் புதிது வாங்கிவிடுங்கள். அப்புறம் ஸ்லோவில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, எந்த இடத்தில் ஸ்லோ (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக ஏறுகிறதோ அந்த இடத்துக்குக் கால் சுற்று கால் சுற்றாகத் தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்தால் போதும். பிளக்கைக் கழுவி மாட்டி ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள், பால் கலந்த காபி நிறம் வர வேண்டும்.

பெரம்பூர் கிக்கர்:
சரிண்ணே. பழைய மெயின் ஜெட் அந்த மெக்கானிக்கிடம்தான் இருக்கிறது. என்ன சொல்லிக் கேட்பது என்றுதான் யோசிக்கிறேன்.